காசாக இருந்த சோழி

சோழி எல்லோருக்கும் தெரிந்த பொருள். தாயம் ஆடும்போது குலுக்கிப் போடுகிறோம். சில வீடுகளில் பல்லாங்குழிக்கும் சோழிதான். புளியங்கொட்டையைவிட அது கைக்கு வழவழப்பாக இருக்கும். மாட்டின் கழுத்திலும் குதிரையின் நெற்றியிலும் சோழி கோத்துக் கட்டுவார்கள். லம்பாடிப் பெண்களின் உடையில் வரிசை வரிசையாகச் சோழி தைத்திருக்கும். நாட்டு மருந்துக் கடையில் இதையே பலகறை என்று கேட்டு வாங்குவார்கள். கவடி என்றும் ஒரு பெயர் உண்டு.

இந்தச் சோழி ஒரு காலத்தில் காசாக இருந்தது. சந்தையில் சோழி கொடுத்து உப்பு வாங்கினார்கள், மீன் வாங்கினார்கள். நிலத்துக்கு வரியும் சோழியாகவே கட்டினார்கள். கதை இல்லை, உண்மையாக நடந்தது. வங்காளத்திலும் ஒரிசாவிலும் பல நூறு ஆண்டுகள் இப்படி நடந்தது.

சோழி என்பது என்ன?

சோழி கல் அல்ல. விதையும் அல்ல. அது ஒரு கடல் நத்தையின் ஓடு. மழைக்காலத்தில் நம் தோட்டத்தில் ஊரும் நத்தை முதுகில் ஓட்டைச் சுமந்து போகும் அல்லவா? அதுபோலக் கடலிலும் நத்தைகள் உண்டு. சோழி நத்தையில் இருநூறுக்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. சில இனங்கள் உள்ளங்கை அளவுக்கு வளரும். காசாகப் பயன்பட்டது மிகச் சிறிய இனம். நீளம் 2 அல்லது 3 சென்டிமீட்டர்தான். நிறம் வெளிர் மஞ்சள் அல்லது வெள்ளை. முதுகில் சிறு சிறு மேடுகள் இருக்கும். 1758-ஆம் ஆண்டில் லின்னேயஸ் என்ற சுவீடன் நாட்டு அறிஞர் இதற்கு அறிவியல் பெயர் வைத்தார். அந்தப் பெயரில் 'மொனேட்டா' என்ற சொல் வரும். லத்தீன் மொழியில் அதற்குக் காசு என்று பொருள். ஆக, பெயரிலேயே காசு இருக்கிறது.

இந்த நத்தை இந்தியப் பெருங்கடலிலும் பசிபிக் பெருங்கடலிலும் வாழ்கிறது. ஆழக் கடலில் இருக்காது. பவளப்பாறைகள் உள்ள இடத்தில், ஆழம் குறைந்த நீரில் இருக்கும். பகலில் பெரும்பாலும் கல்லின் அடியில் ஒளிந்திருக்கும். பாறையில் படியும் பாசியைச் சுரண்டித் தின்னும்.

சோழி எப்போதும் பளபளப்பாக இருக்கிறது. மற்ற சிப்பிகளும் சங்குகளும் கரடுமுரடாக, பாசி படிந்து கிடக்கின்றன. சோழி மட்டும் எண்ணெய் தடவியதுபோல மின்னுகிறது. ஏன்? நத்தையின் உடம்பில் மெல்லிய சதைப் போர்வை ஒன்று உண்டு. நத்தை வெளியே வந்து நடமாடும்போது, அந்தப் போர்வை ஓட்டின் இரண்டு பக்கமும் மேலே ஏறி ஓட்டையே மூடிவிடும். அதனால் ஓட்டின் மேல் எதுவும் ஒட்டாது, கீறலும் விழாது. அந்தப் போர்வையே ஓட்டின் மேல் புதுப் பூச்சும் பூசிக்கொண்டே இருக்கும். ஆபத்து வந்தால் போர்வையைச் சுருட்டிக்கொண்டு நத்தை உள்ளே போய்விடும்.

ஓட்டின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். நீளமாக ஒரு பிளவு இருக்கும். இரண்டு ஓரமும் பல் வரிசை மாதிரி இருக்கும். அவை கடிக்கும் பற்கள் அல்ல. வாசலைக் குறுக்கி வைக்கும் கதவு என்று சொல்லலாம். நண்டு போன்ற பகைவர்கள் எளிதில் உள்ளே நுழைய முடியாது. குட்டி நத்தைக்கு இந்தப் பற்கள் கிடையாது. அதன் ஓடு மெல்லியதாக, வாய் அகன்று இருக்கும். நத்தை முழு வளர்ச்சி அடையும்போது ஓட்டின் ஓரம் உள்ளே சுருண்டு பற்கள் உண்டாகும். அதற்குப் பிறகு ஓடு நீளத்தில் வளராது, கனத்தில் மட்டும் கூடும்.

பெண் நத்தை முட்டையிட்டுவிட்டு ஓடிப்போகாது. முட்டைகளின் மேல் உட்கார்ந்து காவல் காக்கும். கோழி அடை காப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் சூடு கொடுப்பதற்காக அல்ல, பாதுகாப்புக்காக.

மாலத்தீவின் அறுவடை

நம் நாட்டுக்குத் தென்மேற்கே கடலில் மாலத்தீவு இருக்கிறது. நூற்றுக்கணக்கான சிறு தீவுகள் சேர்ந்த நாடு அது. முழுவதும் பவளப்பாறை. சோழி நத்தைக்கு அதைவிட நல்ல வீடு கிடையாது. ஆனால் அங்கே நெல் விளையாது. வங்காளத்திலோ நெல் ஏராளம், சோழி நத்தை இல்லை. இதுதான் வியாபாரத்தின் தொடக்கம். மாலத்தீவிலிருந்து சோழி போனது. வங்காளத்திலிருந்து அரிசி வந்தது.

சோழி பிடிப்பது எப்படி? கடல் வற்றும் நேரத்தில் இடுப்பளவு நீரில் இறங்கிப் பொறுக்கினார்கள். இதில் பெண்களின் உழைப்பு அதிகம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் நன்றாக வற்றும். அந்த நாட்கள்தான் அறுவடை நாட்கள். தென்னை மட்டைகளைக் கட்டிக் கடலில் மிதக்கவிடுவதும் உண்டு. அவற்றில் நத்தைகள் ஏறி ஒட்டிக்கொள்ளும். பிறகு கரைக்கு இழுத்து உதறுவார்கள்.

பிடித்த நத்தைகளை மணலில் குழி தோண்டிப் புதைப்பார்கள். உள்ளே இருக்கும் சதை அழுகிப் போகும். பிறகு தோண்டி எடுத்துக் கழுவிக் காய வைப்பார்கள். வேலை நாற்றம் பிடித்ததுதான். வேலை முடிந்தபின் கையில் இருப்பதோ வெள்ளை வெளேர் என்ற காசு. அதைத் தென்னை ஓலையில் மூட்டை கட்டினார்கள். ஒரு மூட்டைக்கு 12,000 சோழி என்பது கணக்கு.

இபன் பதூதா என்ற மொராக்கோ நாட்டுப் பயணி 1343, 1344-ஆம் ஆண்டுகளில் மாலத்தீவில் தங்கி, அங்கே நீதிபதியாகவும் இருந்தார். அங்கே ஒரு தங்கக் காசுக்கு 4 லட்சம் சோழி கிடைக்கும் என்று அவர் எழுதியிருக்கிறார். விலை மலிந்த காலத்தில் 12 லட்சம்கூடக் கிடைக்குமாம். சில ஆண்டுகள் கழித்து அவர் மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போனார். அங்கே ஒரு தங்கக் காசுக்கு 1,150 சோழிதான் கொடுத்தார்கள். ஒரே சோழி! விளையும் இடத்தில் மலிவு, தொலைவில் மதிப்பு. இதைப் படிக்கும்போது நம் ஊர்த் தக்காளி நினைவுக்கு வருகிறது.

நம் லட்சத்தீவிலும் சோழி கிடைக்கும். கயிறு, சோழி போன்ற சில பொருள்களை விற்கும் உரிமையைக் கண்ணூர் அலி ராஜா தம் கையிலேயே வைத்திருந்தார். தீவு மக்கள் விரும்பியவருக்கு விற்க முடியாது. அவர் வைத்ததுதான் விலை.

ஏன் சோழி காசானது?

நல்ல காசுக்கு என்ன வேண்டும்? உடையக்கூடாது. அழுகக்கூடாது. கள்ளக் காசு அடிக்க முடியக்கூடாது. எண்ணுவதற்கு வசதியாக இருக்க வேண்டும். சோழியில் இவை எல்லாம் இருக்கின்றன. எலி கடிக்காது, துரு ஏறாது. போலிச் சோழி செய்வதென்றால், உண்மைச் சோழி வாங்குவதைவிடச் செலவு கூடிவிடும்.

எல்லாவற்றையும்விட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. சோழி மிகச் சிறிய காசு. அந்தக் காலத்தில் ஒரு வெள்ளி ரூபாய் பெரிய தொகை. ஏழைக்கு அது கண்ணில் படுவதே அரிது. ஒரு பிடி உப்பு, இரண்டு கத்தரிக்காய் வாங்க ரூபாய் எதற்கு? செப்புக் காசும் பல இடங்களில் போதிய அளவு கிடைக்கவில்லை. அந்த இடத்தைச் சோழி நிரப்பியது. அது ஏழையின் காசு. சுமார் 1,600 ஆண்டுகளுக்கு முன் சீனாவிலிருந்து வந்த பாஹியான் என்ற பயணி, வட இந்தியச் சந்தைகளில் சோழி கொடுத்துப் பொருள் வாங்குவதைக் கண்டு எழுதினார்.

வங்காளத்தில் சோழியை எண்ணுவதற்கு ஒரு வாய்பாடு இருந்தது.

4 சோழி = 1 கண்டா
20 கண்டா = 1 பண் (80 சோழி)
16 பண் = 1 காகன் (1,280 சோழி)

ஒரு ரூபாய்க்கு 4 காகன் என்று வைத்தால் 5,120 சோழி. காகிதத்தில் பெருக்கிப் பாருங்கள், சரியாக வரும். ஒரு சோழி ஏறக்குறைய 1 கிராம் எடை. அப்படியானால் ஒரு ரூபாய்ச் சில்லறை 5 கிலோவுக்குக் குறையாது. ஒரு ரூபாயை மாற்றினால் பையில் போட முடியாது. தலையில் சுமக்க வேண்டும்.

சில்ஹெட் என்ற ஊர் இன்று வங்கதேசத்தில் இருக்கிறது. 1778-ஆம் ஆண்டில் ராபர்ட் லிண்ட்சே என்ற ஆங்கிலேயர் அங்கே கம்பெனியின் அதிகாரியாகப் போனார். அந்த மாவட்டத்தில் வெள்ளிக் காசும் இல்லை, செப்புக் காசும் இல்லை. வரி முழுவதும் சோழியாக வந்தது. 70 கோடிக்கு மேற்பட்ட சோழிகள் என்று அவர் பின்னாளில் எழுதினார். அவற்றை வைக்கக் கிடங்குகள் வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை படகுக் கூட்டத்தில் ஏற்றி டாக்காவுக்கு அனுப்ப வேண்டும். இதில் நூற்றுக்குப் பத்து நட்டம். வழியில் திருட்டுப் போனது தனிக் கணக்கு. 70 கோடியை உட்கார்ந்து எண்ணிய கைகளைப் பற்றி யாரும் எழுதி வைக்கவில்லை.

சோழியும் அடிமை வியாபாரமும்

சோழியின் கதையில் கொடிய பகுதி இது. ஐரோப்பிய வியாபாரிகள் நம் நாட்டுத் துணி, மிளகு முதலியவற்றை வாங்கிக் கப்பலில் ஏற்றினார்கள். கப்பல் ஆடாமல் இருக்க அடியில் பாரம் வேண்டும். அதற்கு மணலும் கல்லும் போடுவதைவிடச் சோழி மூட்டைகளைப் போடுவது லாபம் என்று கண்டார்கள். மாலத்தீவுச் சோழி வங்காளம் வழியாகவும் இலங்கை வழியாகவும் ஆம்ஸ்டர்டாமுக்கும் லண்டனுக்கும் போனது. அங்கே ஏலம் விட்டார்கள். அங்கிருந்து மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போனது. அங்கே சோழி கொடுத்து எதை வாங்கினார்கள்? மனிதர்களை வாங்கினார்கள். ஆணும் பெண்ணும் குழந்தையும் சங்கிலியில் கட்டப்பட்டு அமெரிக்கக் கண்டத்துத் தோட்டங்களுக்குப் போனார்கள். துணி, சாராயம், துப்பாக்கி ஆகியவற்றோடு சோழியும் அவர்களுக்கு விலையாகக் கொடுக்கப்பட்டது. 1807-ஆம் ஆண்டில் பிரிட்டன் தன் நாட்டார் அடிமை வியாபாரம் செய்வதைச் சட்டம் போட்டுத் தடுத்தது.

அதற்குப் பிறகும் ஆப்பிரிக்காவில் சோழி காசாக இருந்தது. பாமாயில் வாங்க அது பயன்பட்டது. பிறகு ஐரோப்பிய வியாபாரிகள் ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையிலிருந்து வேறொரு சோழியைக் கப்பல் கப்பலாகக் கொண்டுவந்து கொட்டினார்கள். அதன் முதுகில் மஞ்சள் மோதிரம் போல ஒரு வளையம் இருக்கும். அது மிகவும் மலிவு. சோழி பெருகப் பெருக அதன் மதிப்பு விழுந்தது. கூடையில் காசு கொண்டுபோய்க் கையில் பொருள் வாங்கும் நிலை வந்தது. ஆயுள் முழுவதும் சோழி சேர்த்து வைத்தவர்களின் சேமிப்பு கரைந்துபோனது.

ஒரிசாவில் என்ன நடந்தது?

1803-ஆம் ஆண்டில் ஆங்கிலக் கம்பெனி ஒரிசாவைப் பிடித்தது. அதுவரை அங்கே குடியானவர்கள் சோழியில் வரி கட்டி வந்தார்கள். கம்பெனி வெள்ளி ரூபாய் கேட்டது. சோழி செல்லாது என்றது.

குடியானவனிடம் வெள்ளி ஏது? நெல்லை விற்றால் கிடைப்பது சோழி. அதைக் காசு மாற்றுபவரிடம் கொண்டுபோய் வெள்ளி வாங்க வேண்டும். வெள்ளிக்குத் தேவை கூடியதும் அதன் விலையும் ஏறியது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் 5 ரூபாய் வரி கட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ரூபாய்க்கு 4 காகன் என்றால் 20 காகன் போதும். அதாவது 25,600 சோழி. காசு மாற்றுபவர் ரூபாய்க்கு 6 காகன் கேட்டால் 30 காகன் வேண்டும். 38,400 சோழி. வரி ஏறவில்லை, அதே 5 ரூபாய்தான். ஆனால் அவர் விற்க வேண்டிய நெல் ஒன்றரை மடங்கு ஆகிவிட்டது.

வரியும் அதோடு நிற்கவில்லை, அதுவும் கூடியது. உப்பு விற்பனையைக் கம்பெனி தன் கையில் எடுத்துக்கொண்டது. உப்பு விலை ஏறியது. கட்ட முடியாதவர்களின் நிலம் ஏலத்துக்குப் போனது. ஏலம் நடந்தது தொலைவில், கல்கத்தாவில். நிலம் கைமாறிய செய்தி உழுதவனுக்குத் தெரியும் முன்பே புது முதலாளி வந்து நின்றார்.

குர்தா பகுதியில் பைக்கர்கள் என்ற போர்வீரர்கள் இருந்தார்கள். மன்னருக்குச் சேவை செய்வதற்காக அவர்களுக்கு வரி இல்லாத நிலம் உண்டு. கம்பெனி அந்த நிலத்திலும் கை வைத்தது. 1817-ஆம் ஆண்டில் பைக்கர்கள் எழுந்தார்கள். மலைப் பகுதியிலிருந்து கந்த் பழங்குடி மக்களும் வந்து சேர்ந்தார்கள். தலைவர் பக்ஷி ஜகபந்து. அவருடைய நிலமும் பறிபோயிருந்தது. பாண்பூரிலும் குர்தாவிலும் அரசுக் கட்டடங்களைத் தாக்கித் தீ வைத்தார்கள். கம்பெனி படை அனுப்பி அடக்கியது. ஜகபந்து காடுகளில் மறைந்து வாழ்ந்து, 1825-ஆம் ஆண்டில் சரணடைந்தார்.

இந்தக் கலகத்துக்குச் சோழி ஒன்றே காரணம் என்று சொல்ல முடியாது. நிலம், வரி, உப்பு எல்லாம் சேர்ந்தன. ஆனால் மக்கள் கையில் இருந்த காசை ஓர் அரசு செல்லாது என்றால் முதல் அடி யார் மேல் விழும் என்பதை ஒரிசாவின் கதை காட்டுகிறது. பணக்காரனிடம் வெள்ளி இருந்தது. ஏழையிடம் சோழி மட்டுமே இருந்தது.

மருந்தும் கடலும்

சோழியின் ஓடு சுண்ணாம்புச் சத்தால் ஆனது. சித்த மருத்துவத்தில் இதைச் சுத்தி செய்து, புடம் போட்டுப் பலகறைப் பற்பம் செய்கிறார்கள். அதைத் தேர்ந்த மருத்துவர் சொன்னால்தான் சாப்பிட வேண்டும். வீட்டில் சோழியைச் சுட்டுப் பொடி செய்து தின்னக் கூடாது.

கடற்கரைக் கடைகளில் சோழி மாலையும் சோழிப் பொம்மையும் விற்கிறார்கள். கரையில் ஒதுங்கிய வெற்று ஓடு வேறு. பளபளப்புக்காக உயிரோடு பிடித்துக் கொல்வது வேறு. கடைச் சோழியில் பெரும்பகுதி இரண்டாவது வகை என்பதுதான் என் எண்ணம். கரையில் வெகுநாள் உருண்ட ஓட்டுக்கு அந்த மினுமினுப்பு இருக்காது. சில சங்குகளையும் சில சோழி இனங்களையும் 2001-ஆம் ஆண்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் சேர்த்தார்கள். அவற்றைப் பிடிப்பது குற்றம்.

நத்தைக்குப் பவளப்பாறை வேண்டும். கடல் நீர் அளவுக்கு மேல் சூடானால் பவளம் வெளுத்து, பிறகு செத்துப் போகிறது. லட்சத்தீவில் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இப்படிப் பவளம் பெருமளவில் வெளுத்தது.

சொல்லில் வாழும் சோழி

காசாகச் சோழி மறைந்துவிட்டது. பேச்சில் மறையவில்லை. மிக மலிவாகப் போன பொருளை 'கவடி விலைக்குப் போயிற்று' என்று இந்தியில் சொல்வார்கள். ஆப்பிரிக்காவில் கானா நாட்டின் பணத்துக்கு செடி என்று பெயர். அது அவர்கள் மொழியில் சோழியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. சீன மொழியில் வாங்குதல், பொருள், செல்வம் போன்ற பல சொற்களை எழுதும் எழுத்துக்குள் சோழியின் வடிவம் இருந்தது. மிகப் பழங்காலத்தில் அங்கேயும் சோழிக்கு அத்தனை மதிப்பு.

நம் நாட்டில் திரிபுராவில் இன்னொரு அடையாளம் இருக்கிறது. அங்கே நிலத்தைக் காணி, கண்டா, கடா என்று அளக்கிறார்கள். நம் ஊரிலும் காணி உண்டு. பெயர் ஒன்று, அளவு வேறு. நம் காணி ஏறக்குறைய 1.32 ஏக்கர். திரிபுராவின் காணி 0.4 ஏக்கர். அங்கே 20 கண்டா ஒரு காணி. 4 கடா ஒரு கண்டா. நான்கு சேர்ந்தால் கண்டா என்ற அந்தப் பழைய சோழிக் கணக்கேதான். கடா என்ற சொல்லும் கவடியிலிருந்து வந்ததே. அங்கே ஒருவர் தம் நிலப் பத்திரத்தை விரித்துப் படித்தால், அதில் சோழியும் எழுதப்பட்டிருக்கும்.